பொட்டு வைத்த அட்டைகள்

அறுபதுகளில் நான் மதராஸில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தபோது, "அது என்னடா படிப்பு?" என்று ஆத்தா கேட்டாள். பெற்ற தாயை எங்கள் பக்கத்தில் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். குடுமியான்மலையை அடுத்த சின்ன ஊர். ஊருக்குக் கரண்டு வந்தே கொஞ்ச காலம்தான். அவளிடம் போய் மெமரி, ரெஜிஸ்டர், அசெம்பிளி மொழி என்றால் என்ன விளங்கும்?

"மிசினுக்குள்ள பொட்டி பொட்டியா இருக்கும் ஆத்தா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு. இந்தப் பொட்டியில இருக்கறத எடு, அந்தப் பொட்டியில இருக்கறதோட கூட்டு, இன்னொண்ணுல வையின்னு தனித்தனியாச் சொல்லணும். அதத்தான் இந்த அட்டையில ஓட்டை போட்டு வச்சிருக்கேன். ஒரு அட்டைக்கு ஒரு சொல்லு. அடுக்கு மாறக் கூடாது."

"சொல்லலைன்னா?"

"சும்மா நிக்கும்."

"அடப்பாவி! இம்புட்டு மக்கு மிசினையா அம்புட்டுத் தூரம் போயிப் படிக்கிறே?"

சிரித்துவிட்டேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சரசுவதி பூசைக்கு ஊருக்கு வந்திருந்தபோது நடந்த பேச்சு அது. விடுமுறை முடிந்த மறுநாள் கல்லூரியில் என் முறை. அந்தப் பெரிய ஹாலில் இருந்த ஒற்றை மெஷினுக்கு அத்தனை பேரும் வரிசையில் நின்றோம். அன்று என் அட்டைகள் ஓடி விடை வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பாடத்தில் தேற முடியாது, ஒரு வருஷம் போய்விடும். ஓட்டைகளை ஒருமுறை சரிபார்த்துவிடலாமென்றுதான் அட்டைக்கட்டை ஊருக்குத் தூக்கி வந்தேன்.

பூசையன்று காலையில் குன்றாண்டார்கோவிலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, பொரி, கடலை. நடுவில் என் அட்டைக்கட்டு. மேல் அட்டையில் ஈரச் சந்தனமும் குங்குமமும் பளபளத்தன.

"மேல மட்டுந்தான வச்சே ஆத்தா?" என்றேன்.

"ஒவ்வொண்ணுக்கும் வச்சிருக்கேன்டா. தனித்தனியாச் சொல்லணும்னியே! மக்கு மிசினு, சாமி கொஞ்சம் புத்தி குடுக்கட்டும். அடுக்கு ஒண்ணும் மாறல, பயப்படாதே."

ஈரம் ஊறுமுன் துடைத்தால் பாதியாவது தப்பும். கையை நீட்டினேன்.

"தொடாதே!" ஆத்தா பதறிப் போனாள். "பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இப்ப எடுத்தா படிப்பே வராது."

கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். அவள் கண் கலங்கியது. அதற்குமேல் என்ன செய்ய? சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சந்தனம் அட்டைக்குள் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறத்தியார் என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். பெற்றவளை என்ன செய்ய முடியும்?

மறுநாள் எடுத்தபோது அட்டைகள் அப்பளம் மாதிரி நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ரயிலில் மதராஸ் வரை பிரித்துப் பிரித்துச் சுரண்டினேன். சந்தனம் போனது. கூடவே அட்டையும் பிய்ந்தது.

மெஷினை ஓட்டுகிறவர் அட்டைக்கட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, பூசை பண்ணியா? இதை உள்ளே விட்டா மெஷின் சிக்கிக்கும். எடுத்துட்டுப் போ."

அவருக்குப் பின்னால் நின்ற மெஷினின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். மாலை வேறு! அதற்கு வைத்தால் பக்தி, என் அட்டைக்கு வைத்தால் குற்றம். யாரிடம் போய் முறையிடுவது? புது அட்டையில் ஓட்டை போடுகிற இடத்தில் மெஷின் வரிசையைவிட நீளமான வரிசை. என் முறை வருவதற்குள் அன்றைய பொழுது முடிந்துவிட்டது. அந்த வருஷம் போனது.

"மிசினு அட்டையை எடுத்துக்கலை ஆத்தா, ஒரு வருசம் போச்சு" என்று மட்டும்தான் வீட்டில் சொன்னேன். சந்தனம்தான் காரணம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷப் பூசைக்கு வந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

"போன வருசம் ஒரு பக்கந்தான வச்சேன். அதான் அதுக்கு வெளங்கல. அட்டையக் குடு, இந்தத் தடவ ரெண்டு பக்கமும் வச்சுப்புடுறேன்."

அட்டைக்கட்டை விடுதியில் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

"கொண்டுவரலை ஆத்தா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இந்த வருசமும் போச்சாடா?" என்றாள்.