ஓரத்தில் எழுதச் சொன்னவர்

புதூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒல்லியான வாத்தியார் ஒருவர் நோட்டுத் திருத்திக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ‘பார்த்தது’ அல்லது ‘கேட்டது’ என்று எழுதியிருந்தார்கள். எழுதாத வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவன், எதற்கும் பயப்படுவேன். மறுநாள் எங்கள் ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி. போட்டால் ஆடு செத்துவிடும் என்று செல்போனில் வந்ததை அவரிடம் காட்டினேன்.

“இது எதுல சேத்தி, அண்ணாச்சி?”

“கேட்டதுதான் சார். ஆனா பயமா இருக்கே.”

“ஊசியால ஒண்ணும் ஆகாது.”

“நீங்க பாத்தியளா?”

சிரித்தபடி என் தோளைத் தட்டினார். “இல்ல, நானும் கேட்டதுதான். போன மாசம் ஊசி போட்ட ஊரு அடுத்த ஸ்டாப்பு. இறங்கிப் பாத்துட்டுப் போங்க.”

இறங்கினேன். ஊசி போட்ட ஆடுகள் கருவேலங்காய் மென்றுகொண்டிருந்தன. மறுநாள் என் பன்னிரண்டு ஆடுகளுக்கும் ஊசி போட்டேன். அவர் சொன்னதையே நம்பாமல் கேட்ட என்னைப் பார்த்து அந்த மனிதருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.