மாஸ்டர் மேல் நான் போட்ட பழி

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு காபிக் கடை வைத்திருக்கிறேன். தபசுக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லாத வியாபாரம். ஆனால் பால்காரருக்குக் கொடுக்கக் கல்லாவைத் திறந்தால் பாதிப் பணம்கூட இல்லை. நாலைந்து மாதமாகவே இப்படித்தான். யாரோ எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடையில் என்னைத் தவிர இருந்தவர் டீ மாஸ்டர் மட்டும்தான். பக்கத்து ஊரான கரிவலத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் கல்லாவை அவர்தான் பார்த்துக்கொள்வார். ஒருநாள் திரும்பி வந்தவள், நாலு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, சட்டைப்பையைக் காட்டச் சொல்லிவிட்டேன். அவர் பையில் இருந்ததை மேஜைமேல் வைத்தார். பஸ் டிக்கெட், சுகர் மாத்திரை, இருபது ரூபாய். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர்தான். சம்பளப் பாக்கியைக்கூட வாங்க வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதான் வரவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

புது மாஸ்டர் வந்தார். நாள் முழுக்க நானே கல்லாவில் உட்கார்ந்தேன். அப்போதும் பணம் தங்கவில்லை. பேங்கில் லோன் கேட்டுப் போனால், கடைக்கணக்கு எங்கே என்றார்கள். அப்படித்தான், இங்கே சில கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். கல்லாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் எதற்கென்று எழுதிவிட்டு எடுக்கச் சொன்னாள். ஒரு மாதம் எழுதினேன். பிறகு தபசு மாதக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம் என்றாள். வாங்கிய பாலை வைத்தே எத்தனை காபி விற்றிருக்கும் என்று கண்டுபிடித்தாள். பால், சீனி, கேஸ், வாடகை, சம்பளம் எல்லாம் போக மிச்சம் இருந்திருக்க வேண்டிய தொகையை எழுதினாள். அப்புறம் வீட்டிலிருந்து சீட்டு அட்டை, மகளின் டியூஷன் ரசீது, மொய் நோட்டு மூன்றையும் எடுத்து வரச் சொன்னாள். கூட்டிப் பார்த்தால், கல்லாவில் காணாமல் போன தொகை ஏறக்குறைய அப்படியே அதில் இருந்தது.

“களவு ஒண்ணும் போகலக்கா. கடைப் பணத்துலதான் உங்க வீடு நடந்திருக்கு. நீங்க எழுதல, அவ்வளவுதான்” என்றாள்.

அவளுக்கு மாஸ்டர் விஷயம் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு, சம்பளப் பாக்கியோடு கரிவலத்துக்கு பஸ் ஏறினேன். மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள், கடைக்கு வாருங்கள் என்றேன்.

“கடைக்கு வரலம்மா. இப்ப எங்கிட்ட சொன்னத உள்ள வந்து எம் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க. அன்னைக்கு கடையில நடந்தத யாரோ அவகிட்ட சொல்லிட்டாங்க. நெசமாவே நீங்க எடுக்கலதானன்னு இன்னும் கேக்குறா.”

உள்ளே அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைத்தான் பார்த்தார். நான் பணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

லோன் கிடைத்தது. அந்தப் பெண் மாதம் இரண்டு தடவை வந்து கணக்குப் பார்க்கிறாள். வீட்டுச் செலவுக்கு எனக்கென்று ஒரு மாதச் சம்பளம் வைத்து, அதற்குமேல் தொடுவதில்லை. கடை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மாஸ்டரைப் போல காபி போட இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்த வீட்டுக்குள் ஒரு மனைவி தன் புருஷனையே சந்தேகப்படும்படி செய்தவள் நான் என்பது எந்தக் கணக்கிலும் நேராகாது.