நான் சாட்சி போட்ட தாள்

பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம் அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு சிறிய தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் எனக்குக் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள் என்பதால் எல்லோருக்கும் என் மேல் ஒரு நம்பிக்கை.

ஆட்களை நிறுத்தாமல் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அப்போது அரசாங்கம் சம்பள உதவி கொடுத்து வந்தது. எங்கள் தோட்டமும் வாங்கியது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததே நான்தான். ஆனாலும் ஒருநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு, தேயிலை பாக்கெட் போடும் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார். ஒரு கட்டுத் தாளை நீட்டி, "எல்லார்கிட்டயும் சைன் வாங்கிடு. இன்னிக்கே முடியணும்" என்றார்.

தாள் மலாயில் இருந்தது. எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் வாசிக்கவில்லை. அந்தக் கட்டில் என் பெயர் இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

வரிசையில் நின்றவர்களில் ஓர் அக்கா மட்டும் பேனாவைப் பிடித்தபடி, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். ஐம்பது வயதிருக்கும். மலாய் பேசுவார், வாசிக்கத் தெரியாது. கணவர் பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்தார்.

"எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தான்க்கா. போடுங்க லா" என்றேன்.

போட்டார். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் சில மாதங்கள் உதவித்தொகை தருகிறது என்று பிறகு தெரிந்தது. நல்லது செய்கிற நினைப்பில் அந்த அக்காவை என் காடியில் ஏற்றி டவுனில் உள்ள அரசாங்க ஆபீசுக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி தாளை வாசித்துவிட்டு, "சுகரேலா என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே. தானாக வேலையை விட்டவருக்கு உதவி கிடையாது" என்றார்.

சுகரேலா என்றால் சொந்த விருப்பம். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. காதில் விழுந்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "நானா விட்டேன்?" என்று கேட்டார்.

ஆட்களை நிறுத்தினால் தோட்டத்துக்கு வரும் சம்பள உதவி நின்றுவிடும், அதனால்தான் இப்படி எழுதி வாங்கியிருப்பார்கள் என்றார் அதிகாரி. புகார் கொடுக்கலாமாம். "இந்தச் சாட்சி யார்?" என்று என் கையெழுத்தில் விரலை வைத்தார். நான்தான் என்றேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

தாளை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை என்று புகாரோடு நானே எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மேனேஜர் அசரவில்லை. "நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே. மலாய் தெரிஞ்ச நீதானே பக்கத்துல நின்னே" என்றார். புகார் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் கையெழுத்துகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, புகார் செல்லாது என்று கடிதம் வந்தது.

வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. கணவரை ஏற்றிப் போகக் காய்கறி லோரிதான் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கால் பக்கம் பிடிம்மா" என்று மட்டும் சொன்னார். மெத்தையோடு கணவரைத் தூக்கி, காலிக் கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்தோம். அதன் பிறகு நான் போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை.

மேனேஜர் என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டது அவரை நம்பி அல்ல, என்னை நம்பி.