அந்தப் படத்தில் இருப்பது என் அம்மா

போன வருஷம் மழை விட்ட சமயம். யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடு மட்டும்தான், தோட்டம் கம்பெனிக்காரனுடையது. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அவிசாவளைக்குப் போய்ப் போட்டோகிராபி படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு சிங்களத்தில் நடக்கும். தமிழ்ப்பிள்ளை நான் ஒருத்திதான்.

கடைசி ஒரு மணி நேரம் எனக்கு உயிர். ஒவ்வொருவரும் புதிதாக எடுத்த படத்தைத் திரையில் போட்டு, எப்படி எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் எல்லோரும் படம் எடுக்க எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான் வந்திருந்தார்கள். அன்று பார்த்து எனக்குக் காய்ச்சல், போகவில்லை.

அடுத்த வகுப்பில் கொழும்புப் பக்கத்துப் பையன் ஒருவன், வகுப்பிலேயே கெட்டிக்காரன், தன் படத்தைப் போட்டான். ரப்பர் மரத்தடியில், பால் காய்ந்து கறைபிடித்த சட்டையோடு ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துத் தலை குனிந்து நிற்கிறாள். தலைப்பு 'தீராத துயரம்' என்றான். தூரத்தில் ரோட்டில் நின்று பெரிய லென்ஸில் எடுத்தானாம். ஆட்களுக்குத் தெரிந்தால் சிரித்து போஸ் கொடுத்துவிடுவார்கள், சோகம் போய்விடும் என்று நுணுக்கத்தையும் சொல்லிக்கொடுத்தான். வகுப்பு முடிவில் வைக்கும் கண்காட்சியின் வாசலில் இதைத்தான் பெரிதாக மாட்டப்போகிறோம் என்றார் எங்களுக்குப் படிப்பிக்கும் சேர்.

"ஐயோ, அது எங்கம்மா" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. யாருக்கும் விளங்கவில்லை. எழுந்து நின்று சிங்களத்தில் சொன்னேன். அம்மா அழவில்லை, தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டது, தோடும் கழன்றுவிடாமல் காதோடு பிடித்துக்கொண்டு கீழே தேடுகிறார் என்று. காய்ச்சலோடு படுத்திருந்த என்னிடம் அன்று அம்மா அந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார்.

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உண்மை எதுவாக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் துயரம் தெரிகிறதே, அதுதான் கலை என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்படியென்றால் உன் அம்மா குனிந்து எதையாவது தேடும்போது நான் எடுக்கிறேன், அதையும் துயரம் என்று வாசலில் மாட்டுவோமா என்று கேட்டேன். சேர் இடையில் புகுந்து, அம்மாவிடம் கேட்டு வா, அவர் சொல்வதுதான் முடிவு என்றார்.

திரையிலிருந்து போனில் பிடித்து வந்த படத்தை வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். முதலில், போயும் போயும் இந்தச் சட்டையோடா என்று சிரித்தார். தலைப்பையும் எடுத்த விதத்தையும் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ்வளவு கவலையா தெரிஞ்சிருக்கேன்ல? அப்ப கிட்ட வந்து என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கூட நின்னு தேடியிருந்தா வெரசா கெடைச்சிருக்கும். மாட்ட வேணாம்னு சொல்லிரு."

அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவன் படத்தைக் கண்காட்சியிலிருந்து விலக்கிக்கொண்டான். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

என் முறை வந்தபோது நானும் என் நுணுக்கத்தைச் சொன்னேன். பக்கத்தில் போங்கள், பேரைக் கேளுங்கள், சட்டை மாற்றிவிட்டு வருகிறேன் என்றால் காத்திருங்கள். அப்படிச் செய்தால் இயல்பு கெட்டுவிடும் என்றாள் ஒருத்தி. படத்தில் அழகாத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதும் எங்களுக்கு இயல்புதான் என்றேன்.

எங்களுக்கும் அழுகை வரும், வந்தால் நாங்களே அழுதுகொள்வோம். தூரத்தில் நின்றுகொண்டு அதை எங்களுக்காக யாரும் முடிவு செய்ய வேண்டாம் என்று அன்று திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை, மூடப்போவதும் இல்லை.