பில் போட்ட பிறகுதான் கொலைகாரன்

"பாடிய தூக்கியாந்து டேபிள் மேல போட்டாங்க. பாத்தா, செத்தவன் கையில கட்டியிருந்த வாட்ச்சு அவனுதே இல்ல." இந்த இடத்தில் நிறுத்திவிட்டு தேவேந்திரன் பிளாஸ்கைச் சாய்த்துக் காபி ஊற்றினார். எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரும் காபியைப் பார்க்கவில்லை. "அப்ப யாருதுபா அந்த வாட்ச்சு?" என்றார் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். தேவேந்திரன் கழுத்தைத் திருப்பி, கடையின் அந்தப் பக்கம் வெள்ளை மெத்தையில் பெண்கள் நடுவே குவிந்து கிடந்த புடவைகளை ஒரு நோட்டம் விட்டார். முகூர்த்தப் புடவையே இன்னும் முடிவாகவில்லை. "சொல்றேன் இருங்கண்ணா. சக்கரை போதுமா?" என்றார்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக் கடைகளுக்கு என்ன பஞ்சம்! ஆனால் கூட வந்த ஆண்களை உட்காரவைத்துக் கொலைக்கதை சொல்ல, சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது அநேகமாக இந்த ஒரு கடையாகத்தான் இருக்கும். தேவேந்திரனும் ஆரம்பத்தில் புடவை விரிக்கத்தான் சேர்ந்தார். அரக்கு கேட்டால் வாடாமல்லியை எடுத்துப் போட்டார். வாடாமல்லி கேட்டவர்களிடம், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எதுக்கு வீணா அலையுறீங்க?" என்று புத்தி சொன்னார். முதலாளி திருஞானசம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டு, கையில் பிளாஸ்கைக் கொடுத்து அவரை ஆண்கள் பக்கம் தள்ளிவிட்டார். போன இடத்தில் மனிதர் சும்மா இருந்தால்தானே? காலையில் பஸ்ஸில் படித்த நாவலை எடுத்துவிட்டார். அன்று ஒரு மனிதர் கூட, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று பெண்களைக் கேட்கவில்லை.

"பொம்பளைங்க கோவிச்சிக்கினு எழுந்தா மறுபடியும் உக்காந்துடுவாங்க. ஆம்பள எழுந்தான்னா, வண்டிய எட்றான்னுடுவான். பர்சும் அவன்கிட்டதானே இருக்குது?" என்பது தேவேந்திரனின் வியாபார சாஸ்திரம். அதற்கேற்ற மாதிரி கதைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முதல் புடவை விரியும்போது பிணம் விழும். முகூர்த்தப் புடவை முடிவானால், சந்தேகப்படும்படி ஒரு மைத்துனன் வருவான். நாத்தனார் புடவைக்கு இரண்டாவது கொலை. பில் போட்ட பிறகுதான் கொலைகாரனைப் பற்றி வாயைத் திறப்பார். ஒரு முறை திண்டிவனத்துக் குடும்பம் ஒன்று எதுவும் எடுக்காமல் வேறு கடைக்குப் போய்விட்டது. மறுநாள் அந்தக் குடும்பத்துப் பெரியவர் மட்டும் தனியாகப் பஸ் ஏறி வந்து நின்றார். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லையாம். ஒரு கைத்துண்டு வாங்கினார். துண்டுக்குத் தகுந்த மாதிரி, கொலைகாரனுக்கு இடது கைப் பழக்கம் என்பதை மட்டும் தேவேந்திரன் சொன்னார். பெரியவர் சற்று யோசித்துவிட்டு ஒரு பட்டு வேட்டியும் எடுத்தார்.

வீடு செவிலிமேட்டில். டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும்தான் படிப்பு. பழைய புத்தகக் கடையில் நாவல்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கட்டுக்குள் எது இருக்கிறதோ அதைப் படிப்பார். படிக்கும்போதே விமர்சனமும் நடக்கும். கண்டக்டர் யேசுதாஸ் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் அவர் சீட்டுக்கு வருவார். அப்படியும் தப்ப முடியாது.

"எல்லா புக்குலயும் துப்பறியறவன் குடிகாரன்பா. பொண்டாட்டி வுட்டுட்டு பூட்டிருப்பா. ஒருத்தனாவது வூட்ல ரசஞ்சோறு துன்னுட்டு கொலைகாரன புடிச்சான்னு இருக்குதா?" இது துப்பறியும் கதைகளுக்கு. மாயாஜாலக் கதைகள் மேல் அவருக்குத் தீராத கோபம். "மொத பக்கத்துல மேப்பு போட்டுக்கிறான். ஏழு ராஜ்ஜியம். ஏழு ராஜாவும் பட்டு அங்கி போட்டுக்கினு சுத்துறானுங்க. எங்கனா ஒரு தறி இருக்குதா? இல்ல. அப்ப அத்த நெய்ஞ்சது யாரு, டிராகனா?" ஒரு தடவை புத்தகக் கட்டில் மூன்றாம் பாகம் முதலில் வந்து, முதல் பாகம் மாதக்கணக்கில் கழித்து வந்தது. இளவரசன் செத்த துக்கத்தை முன்னாலேயே அனுபவித்துவிட்டவர், முதல் பாகத்தில் அவன் பிறந்து தொட்டிலில் சிரித்தபோது, "பாவம்பா இந்தப் புள்ள" என்று பஸ்ஸிலேயே கண் கலங்கினார்.

காதல் கதை என்றால் மூக்கைச் சுளிப்பார். "ஒரு போன் போட்டா தீந்துடும்பா. போட மாட்டான். முன்னூறு பக்கம் கடல பாத்துக்கினு நிப்பான். பெரிய கம்பெனிக்கு மொதலாளின்றான், ஒரு நாளாவது ஆபீசுக்குப் போனான்னு எழுதலியே!"

கதையை எங்கே வேண்டுமானாலும் நீட்டுவார், சுருக்குவார், நடுவில் ஒரு மாமியாரைப் புகுத்துவார். முடிவில் மட்டும் கை வைக்க மாட்டார். "ஒரு மனுசன் உக்காந்து எழுதி வெச்சிக்கிறான். கொலைகாரன மாத்துறது பாவம்பா" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் அசைத்துவிட முடியாது.

கடையில் காதல் கதைக்குத் தடை. ஒரே ஒரு முறை சொல்லிப் பட்டது போதும் என்றாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் போனை எடுத்து, "நான் கோவிச்சிக்கினு போனா, கதையில வர்ற மாதிரி ஏர்போர்ட்டு வரைக்கும் ஓடி வருவியா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். "டிக்கெட் இல்லாம உள்ள வுட மாட்டாங்களே" என்றார் அவர். நியாயமான பதில்தான். ஆனால் மொத்தக் குடும்பமும் விரித்த புடவைகளை விட்டு எழுந்து போய்விட்டது. அன்றைக்கு முதலாளி போட்ட உத்தரவு இன்று வரை அமலில் இருக்கிறது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் யானை வந்து சேர்ந்தது. முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தவர், இந்தக் காலத்து ஆண்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கதை எதற்கு என்று கேட்டார். நாற்காலிகளைத் தூக்கிவிட்டு, வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு ஃபைபர் யானை வைக்கலாம் என்று யோசனை சொன்னதோடு நிற்காமல் யானையையும் அனுப்பிவைத்தார். அது உடம்பெல்லாம் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு, தும்பிக்கையைத் தூக்கியபடி, நாற்காலிகள் எப்போது காலியாகும் என்று பக்கத்திலேயே நின்றது.

"அடுத்த வாரத்துலருந்து நீ குடோனுக்குப் போயிடு தேவா" என்றார் முதலாளி. குடோனில் வேலை லேசு. ஆனால் அங்கே இருப்பது அட்டைப் பெட்டிகள்தான். தேவேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. படித்ததை யாரிடமும் சொல்லாமல் ஒரு மனிதன் எப்படிப் படிப்பது? அவர் முகத்தைப் பார்த்த முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். "புதன்கெழம வாலாஜாபாத் மில்லுக்காரரு வராரு. பெரிய பார்ட்டி. புடவ எடுக்கற வரைக்கும் அவரு எழுந்துக்காம பாத்துக்கோ. அப்புறம் யானைய பத்தி யோசிக்கலாம்."

புதன்கிழமை வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அரிசி மில்காரர் வீரபத்திரன் மாப்பிள்ளைக்கு அப்பா, பர்ஸ் அவரிடம். கல்யாணப் பெண் கலையரசி மெத்தையில் பெண்கள் நடுவே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தர்மனுக்குப் பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் வந்தவரைப் புடவைக் கட்டு ஒன்றின் மேல் சாய்த்து வைத்தார்கள். ராகு காலத்துக்கு முன்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பது அத்தையின் கட்டளை.

தேவேந்திரன் தன்னுடைய ஆகச் சிறந்த பிணத்தை எடுத்துப் போட்டார். "பாத்தா, கையில கட்டியிருந்த வாட்ச்சு அவனுதே இல்ல."

"டாக்டர்தான் மாத்திக் கட்டுனாரு. அவர்தான் கொலையும்" என்றார் வீரபத்திரன்.

தேவேந்திரன் காபியைக் கீழே வைத்தார். சமாளித்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தில் நடந்த கொலைக்குப் போனார். "ரெட்டப் புள்ளைங்க. தம்பிக்காரன் செஞ்சது" என்றார் மில்காரர். தேவேந்திரன் அவசரமாக ஏழு ராஜ்ஜியங்களுக்குத் தாவினார். "அந்த வாளு கடைசில ஒடஞ்சிடும். ராத்திரியெல்லாம் மில்லு ஓடச்சொல்ல தூங்க முடியுமாப்பா? நான் படிக்காத புக்கே இல்ல." வீரபத்திரன் கொட்டாவி விட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம். கல்லாவில் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

தேவேந்திரன் நாற்காலிக்குக் குறுக்கே போய் நின்றார். "ஐயா, லவ்வு கத படிப்பீங்களா?"

"சீச்சீ. அத்த எவன் படிப்பான்?"

முதலாளி கல்யாணப் பெண்ணைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தேவேந்திரன் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தார். அன்று காலை பஸ்ஸில் அவரை ரங்கசாமி குளம் நிறுத்தத்தைத் தவறவிடவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடக்கவைத்த கதை அது. யேசுதாஸ் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்று சொல்லியிருந்தார். மலையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்; அந்த மலையையே விலைபேச வந்த பணக்காரன். அவள் இடுப்பில் இருப்பது அக்காள் குழந்தை. அவன் அவளுடைய குழந்தை என்று நினைத்துக்கொள்கிறான்.

"அவனும் கேக்கல. அவளும் சொல்லல."

"ஏம்பா சொல்லல?" வீரபத்திரன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ரோஷம்ங்க."

மெத்தையில் சத்தம் அடங்கிவிட்டது. புடவை விரிக்கும் சுகாசினி பாதி விரித்த முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். பெண்கள் அத்தனை பேரும் பட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். பணக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கியபோது கலையரசிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவான்?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். போன் எப்போதோ சரிந்து, விட்டத்து ஃபேனைக் காட்டிக்கொண்டிருந்தது. "நான் கேட்டிருப்பேன்மா! சத்தியமா கேட்டிருப்பேன்!" என்றது தர்மனின் குரல். "யாராவது என்ன நிமுத்தி வைங்களேன், கத சரியா கேக்கல!"

முதலாளி அப்போதுதான் மூச்சு விட்டார்.

டீக்கடைக்காரி, அவன் தப்பாக நினைத்துக்கொண்டது தெரிந்து, கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு மலைப்பாதையில் ஓடுகிறாள். கீழே அவன் வண்டி கிளம்புகிறது. தேவேந்திரன் பிளாஸ்கைத் திறந்தார். "மொதல்ல முகூர்த்தப் புடவ முடிவாவட்டும்மா" என்றார்.

கலையரசி மடியில் கிடந்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல் தூக்கிக் காட்டினாள். "இதான். மேல சொல்லுங்க." நாத்தனார் கைக்கு எட்டியதை எடுத்தாள். சித்திகளும் அத்தைகளும் ஆளுக்கொன்றை அள்ளினார்கள். வீரபத்திரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பணத்தைக் கொடுத்தனுப்பினார். பில் வந்தது. "ராகு காலம் பொறக்கப் போவுது, கெளம்புங்க!" என்று அத்தை வாசலிலிருந்து கத்த, வேன்காரர் ஹாரன் அடித்தார். ஒருவரும் நகரவில்லை.

"சேந்தாங்களா?" என்றார் வீரபத்திரன்.

தேவேந்திரனுக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தை மத்தியானச் சாப்பாட்டோடு நிம்மதியாகப் படிக்கலாம் என்று மிச்சம் வைத்திருந்தார். சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சந்தோஷமாக வண்டி ஏறுவார்கள். வாயைத் திறந்தார். எழுதினவன் வைத்த முடிவில் கை வைக்க மனசு வரவில்லை. குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்துவிட்டு, அதன் கீழிருந்த புத்தகத்தை எடுத்தார். பஸ் டிக்கெட் அடையாளம் வைத்த இடத்தை ஒரு முறை ஆசையோடு பார்த்தார். பிறகு அதைக் கலையரசியின் பைக்குள், புடவைப் பெட்டிக்கு மேல் வைத்தார். "முடிவு நானே படிக்கலமா. நீ படிச்சிட்டு உங்க மாமனாருக்கு சொல்லு. ஒரேயடியா சொல்லிடாத." வீரபத்திரன் மருமகளுக்கு முன்னால் ஓடிப்போய் வேனில் அவள் பக்கத்து சீட்டைப் பிடித்தார்.

கடை வெறிச்சென்று ஆனது. முதலாளி கல்லாவைப் பூட்டிவிட்டு மெதுவாக ஆண்கள் பக்கம் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து யானையின் தும்பிக்கையில் மாட்டினார். வீரபத்திரன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மட்டும் சொல்லு தேவா. அவன் வண்டிய நிறுத்துனானா, இல்லியா?"

தேவேந்திரன் பிளாஸ்கைக் கையில் எடுத்தார். "நீங்க பாதியிலருந்துதானே மொதலாளி கேட்டீங்க. மொதல்லருந்து சொல்றேன் இருங்க" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கைச் சாய்த்து அவருக்கு ஒரு காபி ஊற்றினார்.