பரளச்சிக் கண்மாயில் விரித்த வெள்ளைத் துணி

1969, சித்திரை மாதம். விடிந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்து ஜீப்பில் கிளம்பினேன், பிள்ளைகளே. பின்னால் பெட்ரோல் டின்களும் ஒரு மூட்டை வெள்ளைத் துணியும். திருச்சுழி தாண்டி, பரளச்சிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் கேப்டனின் சின்ன விமானம் இறங்க வேண்டும்.

பட்டாளத்தில் அவர் கேப்டன், நான் அவருடைய ஜீப் டிரைவர். சண்டை முடிந்ததும் உடுப்பைக் கழற்றிவிட்டு விமானம் ஓட்டக் கற்றார். பறவை ஆராய்ச்சியும் படித்தார். பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே கூடுகின்றன என்று வானத்திலிருந்து பார்த்து எழுதுவது இப்போது அவர் வேலை. "செத்தவங்கள எண்ணினது போதும், உயிரோட இருக்கிறத எண்ணுவோம் வா" என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

எட்டு மணிக்குக் கண்மாய்க்குள் இறங்கினேன். கரிசல் வெடித்துக் கிடந்தது. கரையோரம் மட்டும் கெட்டியான சரளை. பட்டாளத்தில் செய்தபடி துணிகளை நீள வரிசையாக விரித்துக் கல் வைத்தேன். காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தமும் இல்லை. உயரத்தில் விமானம் ஒரு சுற்றுச் சுற்றிக் கழுகுகளின் பக்கம் போனது.

கரைக்கு அப்பால் நின்ற ஜீப்பிலிருந்து டின்களை இறக்கிவிட்டு வந்தால் துணிகளைக் காணோம். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நின்றார்கள். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

"யாருய்யா செத்தது?" என்றார் முன்னால் நின்ற வேலம்மாள்.

"யாரும் சாகல தாயி. ஏரோப்ளேன் இறங்கத்தான் விரிச்சேன்."

"ஏரோப்ளேனுக்கு மாத்தா? அதென்ன பாடையிலயா வருது?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் பிணம் போகும் பாதையில்தான் வெள்ளைத் துணி விரிப்பார்கள்; அதற்குப் பேர்தான் மாத்து.

"வெறும் மாத்து விரிச்சா அது ஆளைக் கேக்கும்யா" என்றார் வேலம்மாள்.

அதற்குள் விமானம் திரும்பிவிட்டது. அதைச் சுற்றிக் கழுகுகள், இரையைச் சுற்றுவதுபோல. துணி தெரியாவிட்டால் இறங்கக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. மதுரைக்குத் திரும்ப அவரிடம் பெட்ரோல் இருக்காது.

"துணி இல்லைன்னா மேல இருக்கவருதான் சாவாரு தாயி!"

வேலம்மாள் அண்ணாந்து பார்த்தார். "மஞ்சளக் கொண்டாங்கடி! வெள்ளையாத்தான விரிக்கக் கூடாது?"

ஜீப்பில் நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, துணிகளை முக்கி, பெண்களே ஓடி ஓடி விரித்தார்கள். விமானம் இறங்கியது.

கேப்டன் இறங்கி வந்து கேட்டார்: "முதல்ல வெள்ளையா இருந்துச்சே, அப்ப அதுமேல ஒருத்தர் கடைசிவரைக்கும் நடந்து போனாரே, யாரு அது?"

விரித்த துணியை நான் மிதிக்கவே இல்லை. வேலம்மாளைப் பார்த்தேன்.

"நாங்க ஓரமா நின்னுல்ல சுருட்டுனோம்" என்றார் அவர், மெதுவாக. "மாத்து மேல யாருய்யா கால வப்பா?"

பெட்ரோல் ஊற்றினோம். கேப்டன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். விமானம் போன பிறகும் கழுகுகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. கீழே ஒன்றும் இல்லை.

அதன்பின் எந்த ஊரில் இறங்கினாலும் அந்த மஞ்சள் துணிகளைத்தான் விரித்தோம், மஞ்சள் போய்விடும் என்று சலவைக்குப் போடவே இல்லை. நம் வீட்டிலும் வேட்டியைத் தரையில் உலர்த்தாதீர்கள், பிள்ளைகளே. கொடியில் போடுங்கள்.