தனி நாட்டுப் பிரதமர் பிலவேந்திரன்

அதியமான்கோட்டையைத் தாண்டி, பெங்களூர் ரோட்டின் மேல் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் பிலவேந்திரன், வருஷத்தில் ஒரு நாள் பிரதமராக இருப்பார். மாதா கோயில் திருவிழாவில், தேர் முடிந்த மறுநாள் சாயங்காலம் அவருடைய நாடகம்.

சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த சமயத்தில் அவர் கட்டிய நாடகம் அது. கதை நடப்பது இரண்டாயிரமாம் ஆண்டில். தர்மபுரி தனி நாடாகிவிட்டது. தொப்பூர் கணவாய்தான் எல்லை. லாரிக்காரர்கள் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஏழை நாடு என்பதால் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் குடித்தனம். பிரதமர் களி கிண்டுவார். எதிர்க்கட்சித் தலைவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் நேரத்தில் வெளிநடப்புச் செய்வார். அந்த வேஷம் அவருடைய சிநேகிதர் மாதுவுக்கு. மாது இந்து, கோயிலுக்கு வராதவர், நாடகத்துக்குத் தவறாதவர். வருஷா வருஷம் அதே வீடு, அதே ஆட்கள், புதுச் சண்டை.

எல்லாரும் காத்திருப்பது ஒரு கட்டத்துக்காக. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் சொன்னதில்லை. நாடகத்திலோ பிரதமருக்கு வருஷம் ஒரு கட்சி பெண் கொடுக்கும். சட்டசபையில் ஓலை வாசித்ததும் மொத்தக் கூட்டமும் "தடை உண்டுங்கோ!" என்று கத்தும். முதல் குரல் எப்போதும் முன்வரிசைப் பெரியவர் சவரிராயனுடையது. பிரதமர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் களி கிண்டப் போவார்.

நிஜத்திலும் அவர் தனியாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு தட்டு. அவர் என்ன பேசினாலும், "என்னா பிரதமரே!" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். காய்ச்சலில் கிடக்கிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ராஜமேரி ஒருவர்தான். சிஸ்டர்களின் ஆஸ்பத்திரியில் வேலை செய்த விதவை. பிலவேந்திரன் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்ட பிறகும் சம்மதம் சொல்ல வெகுநாள் யோசித்தார்.

"அறுத்தவளுக்கு மறுபடியும் கல்யாணமான்னு ஊரு சிரிக்குமேங்க."

"நாடகத்துக்குத்தான் சிரிப்பாங்க மேரி. இது கோயிலு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவர்களுக்கு ஓலை வாசித்தார்கள். இரண்டு ஞாயிறு நல்லபடி போயின. மூன்றாம் ஞாயிறு, பிரசங்கத்திலேயே தூங்கிவிட்ட சவரிராயன் காதில் 'பிலவேந்திரன்' என்பதும் 'தடை' என்பதும் விழுந்தன. கண்ணைத் திறக்காமலே கத்தினார்:

"தடை உண்டுங்கோ!"

கோயிலே சிரித்தது. பாடகர் குழு சிரித்தது. சாமியார்கூடக் கையிலிருந்த தாளால் வாயை மறைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ராஜமேரி எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

அன்றே சவரிராயன் அவர் வீட்டுக்கு ஓடினார். "வாய் தானா வந்திருச்சும்மா. என்னைச் செருப்பால அடி."

"உங்களைச் சொல்லி என்னா மாமா? ஊரே இல்ல சிரிச்சுது."

பின்னாலேயே பிலவேந்திரன் வந்து நின்றார். "நாடகத்த வுட்டுடறேன் மேரி."

"நீங்க வுட்டாலும் அவங்க வுட மாட்டாங்க. உங்க மேல கோவமில்லீங்க. நாடகத்துக்குள்ள என்னால குடும்பம் நடத்த முடியாது."

அந்த வாரமே பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த திருவிழாவுக்கு நாடகம் இல்லை என்றுதான் பிலவேந்திரன் சொல்லியிருந்தார். ராஜமேரியின் அக்கா குடும்பம் தேருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஒப்புக்கொண்டார். களி கிண்டிக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தார். அக்கா இருந்தார், அக்காவின் பிள்ளைகள் இருந்தார்கள். ராஜமேரி இல்லை.

ஓலைக் கட்டத்தை அவர் எடுத்துவிட்டிருந்தார். கூட்டம் விடவில்லை. "ஓலை! ஓலை!" என்று கத்தியது. சவரிராயன் மட்டும் தலை குனிந்திருந்தார். பிலவேந்திரன் களியையே கிண்டிக்கொண்டிருந்தார். அப்போது மாது, நாடகத்தில் இல்லாததை, எழுந்து நின்று சொன்னார்:

"எதிர்க்கட்சிக்குத் தடை எதுவுமே இல்லீங்கோ. பிரதமரு கல்யாணம் பண்ணிக்கட்டும்."

அந்த மேடையில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிலவேந்திரன் களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

"பிரதமரே வெளிநடப்பு!" என்று யாரோ கத்த, எல்லாரும் கை தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். அவர் திரும்பி வரவில்லை. மாது போய்ப் பார்த்தபோது, குழாயடியில் குந்தி, சட்டியின் அடியில் பிடித்திருந்த களியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குடுய்யா, இன்னிக்கு நான் கழுவறேன்" என்றார் மாது.

பிலவேந்திரன் கொடுக்கவில்லை.